பழைய பாய்மரக் கம்பிகளுக்கு வயதை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகுகளில் பயன்படுத்திய கம்பி, கயிறு, கப்பி, பாய்மரம் ஆகியவற்றைத் தனியாட்கள் தங்களுக்குள் விற்பதும் வாங்குவதும் பற்றி ஒரு கோரிக்கையை உங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். இந்த விற்பனை நடப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால், பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகளை மட்டும், அவை எந்த ஆண்டு படகில் ஏறின, எந்தத் தண்ணீரில் ஓடின என்பதை எழுத்தில் கொடுக்காமல் யாரும் விற்கக் கூடாது. வயது தெரியாத கம்பியைப் படகுக்கு உரிய கம்பி என்று சொல்லி விற்கவே கூடாது. தொழிற்சாலைகளில் கொதிகலன்கள், அழுத்தக்கலன்கள் ஆகியவற்றின் பற்றவைப்புகளைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது தெரிந்தவர்களின் படகுகளில் கம்பி, கப்பி பார்த்துக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு விளையாட்டு நூறாண்டைக் கடந்தது. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னின்று 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இயங்குகிறது. (அதே ஸ்பிரிங்கின் கீழ்தான் 1912-இல் கணிதமேதை ராமானுஜன் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) அன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்காக இருந்தது, இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டாகிவிட்டது. சென்னையின் நேத்ரா குமணன் 2021-இல் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியின் வழியாக, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும், சென்னையின் கணபதி – வருண் இணையும் அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் படகு ஓட்டினார்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலப் பதக்கம் வென்றார். இவர்களைப் பார்த்துப் படகுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் புதுச் சாமான் வாங்கும் வசதி படைத்தவர்கள் அல்லர்.

மேலும், இந்த விளையாட்டின் அமைப்பே சாமான்களைக் கைமாற வைக்கிறது. சிறுவர்கள் ஓட்டும் 2.3 மீட்டர் நீளமுள்ள ஆப்டிமிஸ்ட் படகில் 15 வயதுக்கு மேல் போட்டியிட முடியாது. லேசர் என்று தொடங்கி இப்போது இல்கா என்று அழைக்கப்படும் படகுக்கு உடல் ஒன்றுதான். ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று பாயும், பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மட்டும் மாறும். பிள்ளை வளர வளர ஒரு துண்டு வீட்டில் மிஞ்சும். இன்னொரு துண்டு தேவைப்படும். பரணில் கிடக்கும் அலுமினியக் குழாயை வேறொரு பிள்ளை பயன்படுத்தினால் இரு குடும்பங்களுக்கும் நன்மை. ஆகவே பழைய சாமான் விற்பனையைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று.

உண்மையில், படகுச் சாமான்களில் பெரும்பகுதியைப் பழையதாக வாங்குவதே அறிவுடைமை. கயிற்றைச் சுற்றி இழுத்து இறுக்கும் விஞ்ச், நல்ல நிறுவனத்தின் வெண்கலத்தால் ஆனதாக இருந்தால், அது பூட்டப்பட்ட படகைவிட அதிக காலம் உழைக்கும். அதைக் கழற்றி, பற்களுக்கு இடையில் இறுகிப்போன பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே இருக்கும் சிறு நாக்குகளையும் அவற்றின் ஸ்பிரிங்குகளையும் புதிதாகப் போட்டால் போதும். அந்த உதிரிப் பாகங்களின் விலை விஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கப்பிகளும் அப்படித்தான். ஹார்கன், ரான்ஸ்டன் போன்ற நிறுவனங்களின் குண்டுத் தாங்கி (பால் பேரிங்) கப்பியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்பு கரைந்ததும் விரலால் சுழற்றிப் பார்த்தால் அதன் உடல்நிலை தெரிந்துவிடும். பக்கத் தகடுகளில் விரிசல் இல்லை, சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டுகளில் பல் மழுங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். கயிற்றையும் கப்பியையும் இணைக்கும் கொக்கியான ஷேக்கிளின் ஊசி வளைந்திருந்தால் திருகும்போது கைக்கே தெரியும். இவையெல்லாம் தங்கள் குறையை வெளியே காட்டிவிடும் பொருள்கள். வாங்குபவர் சற்றே கவனமாக இருந்தால் ஏமாற வழி குறைவு.

கம்பி அப்படிப்பட்டது அன்று.

பெரிய படகுகளில் பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கும் கம்பி, பெரும்பாலும் 1×19 என்று சொல்லப்படும் வகை. நடுவில் ஓர் இழை, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு என்று பத்தொன்பது கெட்டி இழைகளை முறுக்கிச் செய்தது. அதன் இரு முனைகளிலும் எஃகுக் குழல் ஒன்றைச் செருகி, எந்திரத்தில் அழுத்தி, கம்பியும் குழலும் ஒன்றாகிவிடும்படி நசுக்கியிருப்பார்கள். கீழ்முனை, திருகிக் கம்பியை இறுக்கும் மரைப் பூட்டான டர்ன்பக்கிளில் ஏறி, அது படகின் உடலில் பூட்டிய தகட்டில் மாட்டப்படும். இந்த எஃகு 316 கிரேடு. குரோமியம், நிக்கல் ஆகியவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் கலந்தது என்பதால் கடல் உப்பைச் சாதாரண எவர்சில்வரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால், தாங்குவதற்கு அதற்குக் காற்று வேண்டும். எஃகில் உள்ள குரோமியம் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தால் அப்படலம் தானே மறுபடி உருவாகிக்கொள்ளும். காற்று புகாமல் உப்புநீர் மட்டும் தேங்கும் இடுக்கில் இது நடக்காது. அங்கே படலம் உடைந்தால் உடைந்ததுதான். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே துளைத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட இடுக்குகள் பாய்மரக் கம்பியில் எங்கே இருக்கின்றன? நசுக்கிய குழலின் வாய்க்குள், டர்ன்பக்கிளின் மரைக்குள், அழகுக்காகச் சுற்றிய டேப்புக்குக் கீழே. சுமை அதிகம் வந்து சேரும் இடங்களும் இவையே. வெளியே தெரியும் பத்து மீட்டர் கம்பி கண்ணாடி போல மின்னும்போதே, தெரியாத அரை அங்குலம் தின்னப்பட்டிருக்கும்.

இதோடு உலோகச் சோர்வும் சேர்கிறது. படகு ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் காற்றுப் பக்கத்துக் கம்பி இறுகுகிறது. எதிர்ப்பக்கத்துக் கம்பி தளர்ந்து ஆடுகிறது. நங்கூரத்தில் நிற்கும்போதும் அலையாட்டம் நிற்பதில்லை. இந்த இறுக்கமும் தளர்ச்சியும் ஆண்டுக்கணக்கில் குழலின் கழுத்திலேயே போய் விழுகின்றன. எனவேதான் வெளிநாடுகளில் பல காப்பீட்டு நிறுவனங்கள், கம்பிகளுக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகிவிட்டால் மாற்றச் சொல்கின்றன, அல்லது தேர்ந்த ஒருவரின் ஆய்வறிக்கையைக் கேட்கின்றன. அந்தப் பத்தாண்டுக் கணக்கும், குளிர்காலத்தில் பாய்மரத்தை இறக்கிக் கொட்டகையில் வைத்துவிடும் நாடுகளில் உருவானது என்பதை நாம் மறக்கக் கூடாது. நம் கடலில் குளிர்காலம் என்ற ஒன்று இல்லை. வெதுவெதுப்பான உப்புநீரும் ஈரக்காற்றும் ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. துறைமுகத்தின் புகையும் புழுதியும் வேறு கம்பியில் படிகின்றன. இங்கே ஓடிய கம்பிக்குப் பத்தாண்டு என்பதே தாராளமான கணக்கு.

அண்மையில் எனக்குத் தெரிந்த ஒருவர், ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள தம் படகுக்காகப் பக்கக் கம்பிகளை முழுத் தொகுதியாக வெளியூர்க்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினார். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்பது மட்டுமே விளம்பரத்தில் இருந்த தகவல். பெரிய வளையங்களாகச் சுற்றி, முனைகளில் துணி கட்டி, ஒழுங்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். பார்த்தவுடன் புதிது என்றே தோன்றும். துணியை அவிழ்த்ததும் எனக்கு முதலில் உறுத்தியது அந்த மினுமினுப்புதான். கடலில் ஓடிய கம்பியில் சிறிதளவாவது தேநீர்க் கறை நிறத்தில் படிவு இருக்கும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் டர்ன்பக்கிளின் மரைக்குள் வெள்ளை உப்பு கல்லாக இறுகியிருந்தது. வெளிக் கறையை மட்டும் அமிலப் பசை தடவி எடுத்திருக்கிறார்கள். உள்ளே கை போகவில்லை.

பழைய பஞ்சுத் துண்டு ஒன்றைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழ்முனை வரை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கம்பியில், குழலின் வாயை ஒட்டிய இடத்தில் பஞ்சு சிக்கியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெளிவட்டத்துப் பன்னிரண்டு இழைகளில் ஒன்று குழலின் விளிம்போடு விளிம்பாக அறுந்து, இடம் பெயராமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெறும் கண்ணுக்கு அது சாதாரணக் கோடுதான். அடுத்த கம்பியின் குழலைச் சுத்தம் செய்து, பற்றவைப்புச் சோதனையில் பயன்படுத்தும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தேன். சற்று நேரத்தில், குழலின் நீளவாக்கில் நகத்தின் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று மெல்ல எழும்பி வந்தது. குழல் பிளந்திருக்கிறது. இந்தக் கம்பியை நம்பி நல்ல காற்றில் பாயை இழுத்துக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பக்கக் கம்பி அறுந்தால் பாய்மரம் நிற்காது. அது விழும் இடத்தில் ஆட்கள் இருப்பார்கள்.

2018-இல் தென் இந்தியப் பெருங்கடலில் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகு பாய்மரம் இழந்து, முதுகில் பலத்த அடியோடு அவர் மீட்கப்பட்டதை நாடே கவலையோடு பார்த்தது. அது பெரும்புயலின் வேலை. அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. இளங்காற்றில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வயதை மறைத்து விற்ற கம்பியால் பாய்மரம் விழுந்தால் அதற்குப் பொறுப்பானவர் இருக்கிறார்.

வாங்கியவர் விற்றவரைத் தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்ன பதில்: “நான் ஒண்ணும் பொய் சொல்லலையே சார், நல்லா இருக்குன்னுதானே சொன்னேன். நீங்க வயசு கேக்கலை.” கோபம் வந்தாலும், சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலில் கொஞ்சம் வலு இருக்கிறது என்பதுதான் வேதனை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பொருளின் தரத்துக்கு விற்பவரைத் தானாகவே பொறுப்பாக்குவது, அவர் அத்தகைய பொருளை வியாபாரமாகவே விற்பவராக இருக்கும்போதுதான். பரணைக் காலி செய்யும் தனிமனிதர் அந்த வரையறைக்குள் எளிதில் வரமாட்டார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வணிகரைக் குறித்தே பேசுகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமோ, 17-ஆவது பிரிவில், தெரிந்தே ஒன்றை மூடி மறைப்பதை மோசடி என்கிறது. ஆனால் சொல்ல வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே பேசாமல் இருப்பதைப் பொதுவாக மோசடி என்று கொள்வதில்லை. கறையைத் துடைத்தது மூடி மறைப்பதா, அல்லது விற்பதற்கு முன் செய்யும் சாதாரணச் சுத்தமா என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம்.

இதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுதான் எனக்கு வழிகாட்டியாகத் தெரிகிறது. ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது அது. விற்பவர் வியாபாரியா, தனியாளா என்ற வேறுபாட்டை அப்பிரிவு பார்ப்பதில்லை. ‘நல்ல நிலையில்’ என்பது ஒரு கருத்து. அதைப் பிடித்துக்கொண்டு யாரையும் எதுவும் செய்ய முடியாது. ‘2019 மார்ச்சில் புதிதாகப் போட்டது, சென்னையில் மட்டும் ஓடியது’ என்பது விவரம். அதை எழுதிக் கையொப்பமிட்டவர் பிறகு பின்வாங்க முடியாது. பொய்யாக எழுதத் துணிபவர்களும் இருப்பார்கள்தான். ஆனால், சொல்லாமல் விடுவதில் கூசாத பலரும் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போடும் இடத்தில் தயங்குவார்கள் என்பது மனித இயல்பு பற்றிய என் மதிப்பீடு.

சிறு படகுகளின் பாய்மரம் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இல்காவுக்கும் ஆப்டிமிஸ்டுக்கும் பக்கக் கம்பிகள் கிடையாது. அலுமினியக் குழாயே தன் வலுவில் நிற்கிறது. இல்காவின் மேல்துண்டில், கீழ்த்துண்டுக்குள் செருகும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் வளையம் ஒன்றை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த ரிவெட்டின் ஓட்டையில்தான் குழாய் வளையவோ முறியவோ தொடங்கும். அனுபவமுள்ளவர்கள் அந்தத் துண்டைத் தலைகீழாக்கி, வளையத்தை மறுமுனைக்கு மாற்றி, ஆயுளை நீட்டிப்பது வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் ஒரு முறை திருப்பியதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். வளைந்த குழாயை நிமிர்த்தி விற்பதும் நடக்கிறது. நிமிர்த்தியது நேராகத் தெரிந்தாலும் முன்பிருந்த வலு அதில் இருக்காது. குழாயைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். சீராக உருளாமல் ஓரிடத்தில் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஒரு விதிவிலக்கு: 4.7 சதுர மீட்டர் பாய் கொண்ட இல்கா 4-இன் கீழ்த்துண்டு தொழிற்சாலையிலேயே சற்றுப் பின்புறமாக வளைத்துச் செய்யப்படுவது. அதைக் கோணல் என்று சொல்லி விலை பேசும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமாக, நிமிர்த்தித் தருகிறேன் என்று முன்வந்த பட்டறைக்காரரையும் பார்த்திருக்கிறேன். அலுமினியத்தில் எஃகுப் பூட்டுகள் படும் இடங்களில் வெள்ளைப் பொடி கிளம்பியிருந்தால், எஃகோடு சேர்ந்த அலுமினியத்தை உப்புநீர் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பொடியைச் சுரண்டி, அடியில் குழி எவ்வளவு ஆழம் என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

கயிறுகளைப் பொறுத்தவரை நான் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறும் நல்ல பாலியெஸ்டராக இருந்தால், மேலுறை சற்றுப் பஞ்சு விட்டிருந்தாலும் பயன்படும். கயிற்றை விரல்களுக்கு இடையில் அழுத்தியபடி நீள நெடுக நகர்த்தினால், உள்ளே இற்று மெலிந்த இடம் தட்டுப்படும். பாலியெத்திலீன் இழையால் ஆன டைனீமாக் கயிறு வேறு ரகம். எஃகுக் கம்பிக்கு இணையான வலு உள்ளதாயினும் அதற்கு வெயில் ஆகாது, வெப்பமும் ஆகாது. ஏறத்தாழ 145 டிகிரி செல்சியசிலேயே அது உருகத் தொடங்கும். உரசலில் இறுகிக் கண்ணாடி போலான இடம் இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த டைனீமாவைப் பாய்மரத்தைத் தாங்கும் வேலைக்கு விற்பது, பழைய கம்பியை விற்பதற்குச் சமம். மற்ற கயிறுகள் வலு குறைந்தாலும் வீணல்ல. தொண்டிப் பக்கத்தில் திருவிழாக்களை ஒட்டி நாட்டுப் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் ஊர்களுக்கு மிஞ்சிய பாலியெஸ்டர் கயிற்றை அனுப்பினால் பயன்படும் என்பது என் எண்ணம்.

இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் பழைய சாமானின் விலை ஏறும், வசதியில்லாத பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டாமல் போகும் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் கண்டவரை நடப்பது வேறு. போட்டிப் படகில் கழித்த கம்பி, பொழுதுபோக்குப் படகுக்குப் போகிறது. அங்கே கழித்தது, பயிற்சிப் படகுக்கு வருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை இறங்குகிறது. கூடவே வரலாறும் உதிர்ந்துபோகிறது. கடைசியில் மிகக் குறைந்த விலை கொடுத்து வாங்குபவரிடம் மிகப் பழைய கம்பி வந்து சேர்கிறது, அதன் வயதைச் சொல்ல ஆளே இல்லாமல். மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இந்த விளையாட்டுக்கு வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புபவர்கள், அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் வயது தெரியாத கம்பியைக் கட்டமாட்டார்கள். கப்பியும் விஞ்சும் கிளீட்டும் மலிவாகக் கிடைக்கட்டும். அதில் மிச்சமாகும் பணத்தில் கம்பியைப் புதிதாக வாங்கலாம். ஒரு படகுக்கு ஆகும் மொத்தச் செலவில் கம்பியின் பங்கு பெரிதன்று.

படகோட்டக் கழகங்களும் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது எளியது. ஆண்டுக்கு ஒரு நாள், பருவமழை தொடங்குவதற்கு முன், பழைய சாமான் விற்பனையைத் தங்கள் வளாகத்திலேயே நடத்தலாம். சாயச் சோதனைக்குத் தேவையான மூன்று டப்பாக்கள் அம்பத்தூரில் எந்தத் தொழிற்கூடத்தைக் கேட்டாலும் கிடைக்கும். அதைச் செய்யத் தெரிந்தவர்களும் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். குழல் முனைகளைச் சோதித்து, தேறியதற்குத் தேதியிட்ட சீட்டு ஒன்றைக் கட்டிவிடலாம். சாயம் காட்டுவது வெளிப்புற விரிசலை மட்டுமே, உள்ளே இருக்கும் அரிப்பை அன்று என்பதால், சோதனையில் தேறினாலும் பத்தாண்டு கடந்த கம்பி விற்பனை மேசைக்கு வரக் கூடாது. யார் எதை யாருக்கு விற்றார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை அதே கம்பி கைமாறும்போது அதன் வயது தொலைந்துபோயிருக்காது. போட்டிக்குச் செல்லாத, பயிற்சிக்கு மட்டுமே ஆகும் நகல் பாய்களையும் அப்படியே குறித்து விற்கலாம். அந்தப் படகு வகைக்கான போட்டி விதிக்கு உட்பட்டது என்று நம்பி வாங்கி, போட்டி நாளன்று அளவை அதிகாரியிடம் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் அழுகை அதனால் குறையும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரி விளம்பரங்களில் பழைய மோட்டார் வாகனத்தை விற்க வருபவர்கள் எந்த ஆண்டு மாடல் என்பதைச் சொல்லாமல் விளம்பரம் கொடுப்பதில்லை. படகுச் சாமான் விளம்பரங்களைப் பெறும் உங்கள் பிரிவினர், கம்பி அல்லது பாய்மரம் என்று வந்தால் ‘எந்த ஆண்டு பூட்டியது?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலையும் சேர்த்து அச்சிட்டால் போதும். பதில் தெரியாது என்றால் ‘ஆண்டு தெரியாது’ என்றே அச்சிடுங்கள். அதிகப்படியாக ஒரு சொல்லோ இரு சொல்லோதான் ஆகும்.

வயது கடந்த கம்பியை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக ஒரு குறிப்பு. குழல் முனைகளை ஒட்டி இரு பக்கமும் வெட்டிவிடுங்கள். அப்படி வெட்டிய கம்பியை யாரும் மறுபடி படகில் எளிதில் ஏற்ற முடியாது. மொட்டை மாடியில் துணி காயப்போடவும், தோட்டத்துப் பந்தலுக்கும் அதைவிட உறுதியான கம்பி கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதானால் 316 என்று சொல்லியே போடுங்கள். நிக்கலும் மாலிப்டினமும் இருப்பதால் அதற்குச் சாதாரண எவர்சில்வரைவிடக் கூடுதல் விலை உண்டு. கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்து, லேசாக ஒட்டுகிறது, இது இரும்புதான் என்பார். இழுத்து நீட்டிய கம்பியில் 316-ஆக இருந்தாலும் காந்தம் சற்று ஒட்டும் என்று சொல்லுங்கள். வெண்கல டர்ன்பக்கிள்களைக் கழற்றித் தனியாக எடை போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ராயபுரம், சென்னை.